பதினோராவது கிலோமீட்டர்

ஜூன் 13, திங்கள்
மலை விடுதி

பின்சீட்டுக்காரிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நேற்று உன்னை ஏற்றிக்கொண்டு போன பால் வண்டிக்காரர் இன்று காலையில் இந்தப் பக்கம் வந்தார். "அம்மாவை பஸ் ஸ்டாண்டு வாசல்லயே இறக்கி விட்டுட்டேன் சார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசல" என்றார். என்னிடம் பேசாத கோபத்தை அவரிடமும் காட்டியிருக்கிறாய். பாவம், அவர் என்ன செய்வார்?

நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்க வேண்டிய சைக்கிளை, ஒற்றை ஆளாக, கொட்டுகிற மழையில், மேலே விடுதிவரை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். தள்ளும்போதுகூட அது வருவேனா என்றது. உன் வீம்பு அதற்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

நான் என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன்? முதல் இரண்டு நாளும் சமவெளியில் பறந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஏற்றம் தொடங்கியதும் வண்டி கல்லாய்க் கனத்தது. ஏற்றம் என்றால் கனக்கத்தான் செய்யும், அது எனக்கும் தெரியும். ஆனால் அது அந்தக் கனம் இல்லை. இந்த வண்டியில் இரண்டு பெடல்களும் சேர்ந்துதான் சுற்றும். பின்னால் இருப்பவர் காலைச் சும்மா வைத்திருந்தாலும் அது பாட்டுக்குச் சுற்றும். முன்னால் இருப்பவனுக்குத் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. சந்தேகம் வந்தது, கேட்டேன். கேட்டது குற்றமா?

இங்கே செல்போன் வேலை செய்யவில்லை. மதியம் கீழே போகிற பஸ்ஸில் தபால் பை போகிறது. அதனால்தான் கடிதம். எனக்கு இன்னும் பத்து நாள் லீவு இருக்கிறது. உச்சிக்குப் போகாமல் இறங்குவதாக இல்லை.

உன் கண்ணாடிக் கூடு என் பையில் இருக்கிறது.

முன்சீட்டுக்காரன்


ஜூன் 14, செவ்வாய்
அக்கா வீடு

முன்சீட்டுக்காரருக்கு,

கேட்டது குற்றமா என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கேட்டீர்கள் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். நான் எழுதுகிறேன். "பின்னால சும்மா உட்கார்ந்துட்டு வர்றியா?" என்றீர்கள். "மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றேன். நீங்கள் தலையைக்கூடத் திருப்பாமல், "இருபத்தேழு வருஷமா உன்னை இழுத்துட்டுத்தானே வர்றேன், இந்த மலை ஒண்ணு பாக்கி" என்றீர்கள். பதினோராவது கிலோமீட்டர் கல் அப்போது என் வலது கைப் பக்கம் இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் இறங்கினேன்.

முன்னால் இருப்பவருக்குச் சாலை தெரிகிறது, பள்ளம் தெரிகிறது, மேகம் தெரிகிறது. மூன்று நாளாக எனக்குத் தெரிந்தது உங்கள் முதுகு ஒன்றுதான். உங்கள் மழைக்கோட்டின் விளிம்பில் தண்ணீர் சேர்ந்து, நீங்கள் ஒவ்வொரு முறை எம்பும்போதும் என் கையில் கொட்டியது. விரல் விறைத்துப் போயிருந்தது. அந்தக் கையோடு மிதித்தவளைப் பார்த்துத்தான் இழுத்துக்கொண்டு வருகிறேன் என்றீர்கள்.

உங்கள் அம்மா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தபோது யார் யாரை இழுத்தார்கள்? அதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இன்று சொல்லிக்காட்டுகிறேன்.

அக்காவிடம் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை. "முழங்கால் வலின்னா புருஷன் கூட வருவாரே" என்கிறாள். ஈரத்துணி காயப்போடுகிற அறையில்தான் எனக்குப் படுக்கை. தலைக்கு மேல் அவர்கள் வீட்டுப் போர்வை ஒன்று காயாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. நேற்று சாயங்காலம் விடுதியின் போனுக்குக் கூப்பிட்டேன். விடுதிக்காரர், "சார் வராந்தாவிலதான் இருக்கார், இருங்க" என்றார். திரும்பி வந்து, "அப்புறம் பேசுறேன்னு சொல்லச் சொன்னார்மா" என்றார். பத்தடி தூரத்தில் இருக்கிற போனுக்கு வரமுடியாதவர் இரண்டு பக்கம் கடிதம் எழுதுகிறார். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

கண்ணாடிக் கூடு அங்கேயே இருக்கட்டும்.

—


ஜூன் 16, வியாழன்
மலை விடுதி

பின்சீட்டுக்காரிக்கு,

போனுக்கு வராததற்குக் காரணம், அந்தப் போன் இருக்கிற கூடத்தில் எப்போதும் டிவி ஓடுகிறது, நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் சண்டையை அவர்களுக்கும் சேர்த்து ஒலிபரப்ப வேண்டாம் என்றுதான். அதை விடு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நேற்றே எழுதியிருக்க வேண்டும். நேற்று முழுக்க எழுதுவதும் கிழிப்பதுமாகப் போய்விட்டது.

நேற்றுக் காலை மழை கொஞ்சம் விட்டது. சேற்றைக் கழுவலாம் என்று வண்டியை முற்றத்தில் கவிழ்த்துப் போட்டேன். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது. மறுபடி சுற்றினேன், மறுபடி அரைச் சுற்று. குனிந்து பார்த்தால், ஒரு பக்கத்துப் பிரேக் கட்டை ரிம்மோடு ஒட்டி அழுத்திக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேகத்தைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது ஈரத்தில் பிரேக் பிடிக்க வேண்டுமே என்று வயரை இறுக்கியவன் நான். நீ பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாய். "சக்கரத்தைச் சுத்திப் பாத்தாச்சா?" என்று கேட்டாய். "யார்கிட்ட கேக்குற?" என்றேன். சுற்றிப் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருடமாக லிஃப்ட் பிரேக்கைத் திறந்து, துடைத்து, இடைவெளி அளந்து, கையெழுத்துப் போடுகிறவன், சைக்கிள் பிரேக் எல்லாம் ஒரு பிரேக்கா என்று விட்டுவிட்டேன்.

ஆக, பதினோரு கிலோமீட்டர் நாம் இரண்டு பேரும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறோம். நீ மிதித்தாய். நீ மிதிக்காமல் இருந்திருந்தால் நான் இரண்டாவது வளைவிலேயே நின்றிருப்பேன். பூசி மெழுக எதுவும் இல்லை. தப்பு என்னுடையது.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பிரேக் சரியாக இருந்து, நீ நிஜமாகவே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவை அந்த மூன்று வருடமும் இழுத்தது நீதான்.

வயரைத் தளர்த்திவிட்டேன். சக்கரம் இப்போது விட்டால் நிற்கவே மாட்டேன் என்கிறது. இங்கிருந்து உச்சிக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர்தான். காலை பஸ்ஸில் வந்துவிடேன்.

முன்சீட்டுக்காரன்


ஜூன் 17, வெள்ளி
அக்கா வீடு

முன்சீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள், இனி நான் சொல்லாமல் இருந்தால் நியாயம் இல்லை.

பிரேக் உரசுவது எனக்குத் தெரியும். முதல் கிலோமீட்டரிலிருந்தே தெரியும்.

அது கத்திக்கொண்டு வந்தது. ஈர ரப்பர் ரிம்மில் உரசுகிற மெல்லிய, கூர்மையான கீச்சு. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. மழைச் சத்தத்தை மீறிக் கேட்டது. எதிரே இறங்கி வந்த ஒரு சைக்கிள்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். எந்தச் சத்தமாக இருந்தாலும் திருகாணி எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவர் நீங்கள். இப்போது நிறுத்துவார், இந்த வளைவில் நிறுத்துவார் என்று நானும் காத்திருந்தேன். நீங்கள் நிறுத்தவில்லை. உங்களுக்குக் கேட்கவில்லை.

இரண்டு வருடமாகவே எனக்குச் சந்தேகம். குக்கர் விசில் அடிக்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருக்கிறீர்கள். அழைப்பு மணிக்கு எழுந்து போவது எப்போதும் நான்தான். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சைக் கேட்கிறீர்கள். என் ஆஸ்பத்திரிக்கு வாங்க, பத்து நிமிஷ வேலை என்று எத்தனை தடவை கூப்பிட்டேன்? "என் காதுக்கு என்ன, ஊர்க்காதை நீ பாரு" என்றீர்கள்.

வாரத்துக்கு நாற்பது பேருக்குக் காது பரிசோதனை செய்கிறேன். ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் தொடங்குவேன். உங்களிடம் மட்டும் கேட்காமல் செய்தேன். உங்கள் கால் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே செய்தேன். "கொஞ்சம் நிறுத்துங்க, பிரேக் உரசுது" என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு கிலோமீட்டருக்குப் பிறகு, கேட்கிறதா பார்க்கலாம் என்று இருந்தது. ஐந்துக்குப் பிறகு பயம் வந்தது. அதற்குப் பிறகு, இப்போது சொன்னால் இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்பீர்களே என்று வாயை மூடிக்கொண்டேன். நான் இறங்கியது உங்கள் வார்த்தைக்காகத்தான். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. அந்த முதுகுக்குப் பின்னால் அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

போனுக்கு நீங்கள் ஏன் வரவில்லை என்பதும் இப்போது புரிகிறது. டிவியைச் சாக்கு சொல்ல வேண்டாம்.

இனி கேட்கிறேன், நேராகவே. நீங்கள் சோதிப்பது ஆட்கள் ஏறி இறங்குகிற லிஃப்ட். மோட்டார் சத்தத்தை வைத்துத்தான் பாதி வேலை என்று நீங்களே சொல்வீர்கள். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா, இல்லையா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள் மனைவி


ஜூன் 18, சனி
மலை விடுதி

நீ செய்தது சரியில்லை.

எனக்குத் தெரியாமல் என்னைச் சோதித்திருக்கிறாய். நான் நெஞ்சடைக்க மிதித்தேன், நீ பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போட்டாய். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அவன் முகத்திலேயே முழித்திருக்க மாட்டேன்.

என் வேலை எனக்குத் தெரியும். நாளை மிச்ச மலையை நான் தனியாக ஏறுகிறேன். பதில் எழுத வேண்டாம்.


ஜூன் 20, திங்கள்
மலை விடுதி

பின்சீட்டுக்காரிக்கு,

எழுத வேண்டாம் என்றேன், நீயும் எழுதவில்லை. இன்று பஸ் வந்ததும் தபால் பையைப் பிரிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். விடுதிக்காரர், "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று இரண்டு தடவை சொன்னார்.

நேற்று ஏறினேன். ஏழு மணிக்குக் கிளம்பும்போது தூறல், பதினைந்தாவது கல் தாண்டியதும் கனமழை. இரட்டை வண்டியை ஒற்றை ஆள் மிதிப்பது பெரிய கூத்து. பின்பாரம் இல்லாததால் வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. உன் பெடல் இரண்டும் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டே வந்தன. சாலையில் தண்ணீர் மேலிருந்து ஓடி வந்தது, மண்ணும் இலையும் கலந்து சிவப்பாக. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நின்று மூச்சு வாங்கினேன். இந்த வயதில் இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். உன்னையும் திட்டினேன். அதிகம் உன்னைத்தான்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு லாரி என் பக்கத்தில் உரசுகிற மாதிரி வந்து, எனக்குக் குறுக்கே நின்றது. ஓட்டுநர் மழையிலேயே இறங்கி வந்தார். "எத்தனை தடவைதான் ஹாரன் அடிக்கிறது? மூணு வளைவா அடிச்சுட்டே வர்றேன்! நடு ரோட்டுல போறீங்களே, வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?" என்றார். நான் தலைமேல் இருந்த மழைத்தொப்பியைக் காட்டி, அதனால் கேட்கவில்லை என்று சப்பைக்கட்டு கட்டினேன். அவர் போன பிறகு ஓரத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. முதல் மூன்று நாளும் இப்படி எந்த வண்டியும் என்னைத் திடுக்கிட வைக்கவில்லை. ஏன் என்றால், பின்னால் ஏதாவது வரும்போதெல்லாம் நீ என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாய். நானும் தன்னால் ஓரம் கட்டினேன். நம்பமாட்டாய், நீ என்னை உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை "போதும் போதும், நல்லாத்தான் ஓட்டுறேன்" என்றுகூடச் சொன்னேன். அடுத்த வண்டி வந்ததும் நீ மறுபடி தட்டினாய்.

உச்சிக்குப் போனேன். ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளையாக மேகம், ஒரு பெயர்ப்பலகை, மூடிக் கிடந்த ஒரு டீக்கடை. அதன் கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்றேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: கேட்கவில்லை.

முதலில் சின்னச் சின்னச் சத்தம் போயிற்று. பிறகு உயர்ந்த சத்தம் எல்லாம். நான் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்து வேலை செய்யப் பழகிக்கொண்டேன். பெரும்பாலும் சரியாகத்தான் வந்தது. போன வருடம் கம்பெனியின் மருத்துவப் பரிசோதனையில் சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். எதிரே ஒரு கண்ணாடி அலமாரி. சோதிக்கிறவரின் விரல் பொத்தானை அழுத்துவது அதில் தெரிந்தது. விரலைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். காது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் அந்தக் காகிதத்தை ஆட்டிக் காட்டினேனே, அது இதுதான்.

பிப்ரவரியில் ஒரு ஒன்பது மாடிக் கட்டடம். லிஃப்ட் கத்துகிறது என்று குடியிருக்கிறவர்கள் மூன்று தடவை புகார் கொடுத்தார்கள். நான் மேலே போய்ப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து வேறு ஒரு மெக்கானிக் போய் பேரிங்கை மாற்றினார். அது தூள் தூளாகிக் கிடந்ததாம். அந்தப் பத்து நாளும் அதில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமை வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றியபோது, விடுதிக்காரர் பக்கத்தில் நின்று முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு மழைத் தண்ணீர் சொட்டுவது மட்டும்தான் கேட்டது. அதை உனக்கு எழுதாமல் மறைத்தேன். உன்மேல் கோபப்பட்டதும் அதனால்தான். நீ கேட்காமல் சோதித்தது தப்பு, அது தப்புதான். ஆனால் நீ கேட்டுச் சோதித்திருந்தால் நான் உன் விரலைப் பார்த்திருப்பேன்.

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். பிப்ரவரி உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. சட்டைப் பையில்தான் இருக்கிறது, இன்னும் போடவில்லை. போட்டால் மறுநாளே என்னை இயந்திரத்தின் பக்கம் விடமாட்டார்கள். மேசையில் உட்கார வைப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஸ்பேனர் இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

நீ சொல். போடட்டுமா?

முன்சீட்டுக்காரன்


ஜூன் 21, செவ்வாய்
அக்கா வீடு

முன்சீட்டுக்காரருக்கு,

கடிதத்தை வாங்கிக்கொண்டு துணி காயும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அக்கா வெளியிலிருந்து, "என்னடி, அழறியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ முழங்கால் இல்ல" என்றாள்.

லாரி என்று படித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. இனி நீங்கள் அந்த வண்டியைத் தனியாக எடுக்கக் கூடாது. இறங்கும்போது பஸ் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டு வாருங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மலைமேல் நான் செய்ததற்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் கோபம் நியாயம்தான், அது போகிறபோது போகட்டும்.

போடட்டுமா என்று கேட்கிறீர்கள். நான் சொல்லமாட்டேன். சொல்லத் தெரியாமல் இல்லை. நான் போடு என்றால் போட்டுவிடுவீர்கள், பிறகு மேசையில் உட்கார்ந்து சலிக்கிற ஒவ்வொரு நாளும் நான் சொன்னதால் போட்டோம் என்று தோன்றும். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. ஒன்பது மாடிக் கட்டடத்தில் யாரோ ஒருத்தி தன் குழந்தையை லிஃப்டில் ஏற்றிவிட்டுக் கையசைத்திருப்பாள். இது உங்கள் கையெழுத்து, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். போட்டாலும் போடாவிட்டாலும் நான் வீட்டில்தான் இருப்பேன். அதில் மட்டும் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

திங்கட்கிழமை பத்தரைக்கு உங்களுக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். சோதிக்கப் போவது நான் இல்லை, எங்கள் மூத்த டாக்டரம்மா. நாற்காலியைச் சுவரைப் பார்க்கப் போடச் சொல்லியிருக்கிறேன். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன்.

உங்கள் மனைவி


ஜூன் 22, புதன்
பஸ் நிறுத்தம்

பின்சீட்டுக்காரிக்கு,

இதை நீட்டி எழுத நேரமில்லை. வண்டியைக் கூரையில் கட்டிவிட்டார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

விடுதிக்கு எதிரே தபால் பெட்டி இருக்கிறது. ஆளுயர இரும்புப் பெட்டி. காலையிலிருந்து நாலு முறை அதுவரை போய்த் திரும்பினேன். ஐந்தாம் முறை கம்பெனிக் கடிதத்தை வாய்க்குள் விட்டுக் கையை எடுத்தேன். உள்ளே விழுந்ததா, வாயிலேயே சிக்கிக்கொண்டதா என்று தெரியவில்லை. எல்லோரும் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போகிற ஒரு சத்தம் இருக்குமே, அது எனக்கு வரவில்லை. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு பெண் குடையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர். அவரிடம் போனேன்.

"ஏம்மா, எனக்குக் காது சரியா கேட்காது. இப்போ ஒரு கடிதம் போட்டேன், உள்ள விழுந்துச்சா?" என்றேன்.

"விழுந்துச்சுங்க" என்றார்.